சோழரை 3 நாளில் முடித்தோம்

பழம்பெருமையை வெளிநாட்டில்தான் பார்க்கவேண்டும், அதுவும் ஒரு கைட்டின் கொடிக்குப் பின்னால் ஓடி ஓடி. நானும் அக்காவும் வெள்ளவத்தையிலிருந்து விசா, விமான ரிக்கெற், பருத்தித்துறை வடை சகிதம் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கு 20 நிமிடம். பட்டுச்சேலைக் கடைக்கு இரண்டரை மணித்தியாலம். நியாயமான பங்கீடுதான். கோயில் ஆயிரம் வருடமாக நிற்கிறது, எங்கே ஓடப்போகிறது? தள்ளுபடி அன்றோடு முடிகிறதே!

200 அடிக்கு மேல் நிமிர்ந்த விமானம் அக்காவின் போனுக்குள் அடங்கவில்லை. "கொஞ்சம் கட்டையாக் கட்டியிருக்கலாம்" என்றாள். கட்டடக்கலை பற்றி அன்று நான் கேட்ட ஒரே சொந்தக் கருத்து அது.

புறப்படும்போது கைட் பணிவாகக் கேட்டார்: "பொலன்னறுவையில சோழர் காலத்துச் சிவன் கோயில், வானவன் மாதேவீச்சரம், இன்னும் நிக்குதாமே சார். அடிக்கடி போவீங்களா?"

கோட்டையில் ரயில் ஏறினால் ஒரு பகல் பயணம்.

அக்கா என் காதுக்குள் குசுகுசுத்தாள்: "அதுக்கும் விசா எடுக்க வேணுமோ எண்டு கேளடா."