கிரப் அண்ணன்

களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் இவரைக் காணலாம். கழுத்தில் பென்ட்ரைவ் தொங்கும், அதற்குள் உபுண்டு லினக்ஸ். கலியாண வீடோ செத்த வீடோ, ஓரமாய்க் கிடக்கும் லப்டொப்பில்தான் முதலில் கண் போகும்.

"விண்டோஸ் மட்டுந்தானா போட்டிரிக்கீங்க?" குரலில் அனுதாபம் சொட்டும்.

வீட்டுக்காரர் மரியாதைக்குச் சிரிப்பார். அதுதான் சம்மதம். பிளேன்ரீ ஆறுவதற்குள் வன்தட்டு பங்கு பிரிக்கப்பட்டிருக்கும்.

"இனி எழுவான்கரையும் உங்கட, படுவான்கரையும் உங்கட அக்கா. கிரப் எண்டது குருமண்வெளியில ஆள் ஏத்துற பாதை மாதிரி. எந்தக் கரைக்கெண்டு சொன்னாச் சரி, கொண்டு விட்டிரும். மறுகா ஒரு கரைச்சலும் இல்ல."

அக்காவுக்கு ஒரு கரையே போதும். மகள் வந்தாறுமூலைக் கம்பஸுக்கு அசைன்மென்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பிழைப்பது மணிக்கூடு. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை உள்ளே எழுதிவைக்கும்; விண்டோஸ் அதையே இலங்கை நேரமென்று வாசிக்கும். காலை ஒன்பதுக்குத் திறந்தால் விடியச்சாமம் மூன்றரை. ஒரு வரிக் கட்டளையில் தீரும் காரியம். அண்ணன் போனில் சொல்லமாட்டார், நேரில்தான் வருவார்.

2024 ஆகஸ்டில் மாமாங்கத் தீர்த்தம் முடிந்த கையோடு மைக்ரோசொஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷின்களை அது தொடாது என்பது ஏற்பாடு. தொட்டது. செக்யூர் பூட் போட்டிருந்த பல மெஷின்களில், ஏதோ பாரதூரமாகப் பிழைத்துவிட்டது என்ற கருத்தில் ஒரு வரி வந்ததோடு லினக்ஸ் படுத்துவிட்டது. உலகமே திட்டியது. அண்ணன் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். முழுத் தீர்வு வர 2025 மே ஆனது. அதுவரை அவருக்குச் சோறு வெளியில்தான்.

பூட் வரிசை மட்டும் மாறியிருந்தால் அவர் முகம் வாடிப்போகும். பயோஸுக்குள் போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் முடிந்ததே! கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று வெள்ளை எழுத்து நிற்க வேண்டும். அப்போதுதான் கதிரையை இழுத்துப் போடுவார். 'எல்எஸ்' அடிப்பார். பகுதிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாய் எட்டிப் பார்ப்பார். லினக்ஸ் குடியிருக்கும் பகுதியைப் பிடித்து, அந்த முகவரியைக் கொடுத்து, 'நார்மல்' மொடியூலை ஏற்றி, 'நார்மல்' என்று அடித்தால் மெனு வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. குசினியிலிருந்து இறால் கறி வாசம் வரும்வரை இழுப்பார்.

அந்த லினக்ஸில் இவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கண்டதில்லை. ஏற்றுவார், சாய்ந்தால் நிமிர்த்துவார். இடையில் உள்ளது அவருக்குத் தேவையில்லை.

ஒருநாள் மகள் பொறுமையிழந்து, இடமும் போதாமல், லினக்ஸ் பகுதியைத் தானே அழித்துவிட்டாள். பழைய லப்டொப். மறுநாள் காலை, அப்படியொரு பகுதியே இல்லை என்று கிரப் கையை விரித்தது. விண்டோஸ் உள்ளே சுகமாகத்தான் இருக்கிறது, போக வழியில்லை.

விண்டோஸ் டிஸ்க் இருந்தால் அதன் சொந்த பூட்டை மீட்டுவிடலாம். அண்ணனிடம் இருப்பது உபுண்டு மட்டும்.

"பயப்படாத புள்ள," என்று பென்ட்ரைவைக் கழற்றினார். "திரும்ப லினக்ஸைப் போட்டா எல்லாம் சரியாகிரும்."

அக்கா எழும்பிப் போய் இன்னொரு சுண்டு அரிசி களைந்தார்.