விடுதியில் யார் பாடு?

கேள்வி: மகனுக்குச் சென்னையில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது. வளாக விடுதியில் சேர்க்கவா, இங்கிருந்தே பஸ்ஸில் போய்வரச் சொல்லவா?
– மீனவர் ஒருவர், கோட்டைக்குப்பம், பழவேற்காடு

பதில்: போக சுமார் 60 கிலோமீட்டர், வர இன்னொரு 60. பட்டம் வாங்குவதற்குள் கண்டக்டருக்கு மாப்பிள்ளையே ஆகிவிடுவான். விடுதியில் போடுங்கள் அண்ணே.

அறை ஒதுக்கீடு பற்றி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ உங்கள் ஊர்ச் சொத்து. நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. விடுதியில் அந்த நாகரிகம் இன்னும் வரவில்லை. ஜன்னலோரக் கட்டிலைச் சீனியர் பிடித்துவிட்டால், அவர் படிப்பு முடிகிறவரை அது அவர் பாடு. கொசுக்கடி உங்கள் பையன் பாடு.

கல்லூரி எது என்று எழுதவில்லையே? ஐ.ஐ.டி. என்றால் விடுதிகளுக்கெல்லாம் நதிப் பெயர்: காவேரி, கிருஷ்ணா, நர்மதா, தாமிரபரணி. ஏரிக்காரர் பிள்ளை ஆற்றில் தூங்குகிறான் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபோன கிறித்தவக் கல்லூரி என்றால் சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால். அங்கே ‘ஹாஸ்டல்’ என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள், ‘ஹால்’தான்.

அப்புறம், மாதம் ஒரு டப்பா இறால் தொக்கு கொடுத்தனுப்புங்கள். மூடியைத் திறந்த அன்றே அந்த ஜன்னலோரக் கட்டில் கைமாறும்.