சம்பளத்தை ஏத்தாதீங்க, மொதலாளி

அப்பா காலத்தில் எங்கள் திண்டிவனம் ரைஸ் மில்லின் மருத்துவக் காப்பீடு கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. காய்ச்சல் என்றால் கடைத்தெரு டாக்டருக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதற்கு மேல் என்றால் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றி ஜிப்மருக்கு அனுப்புவார். அங்கே வைத்தியம் இலவசம் என்பதால் அப்பாவுக்குப் பஸ் காசோடு போயிற்று. கணக்குப்பிள்ளை அதைப் பேரேட்டில் 'தர்மம்' என்று எழுதுவார், இல்லாவிட்டால் 'பற்று' என்று எழுதிச் சம்பளத்தில் பிடிப்பார். எது என்பது அப்பாவின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. களத்தில் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்த பெண்களுக்கு இரண்டும் கிடையாது, அவர்கள் தினக்கூலி. அந்தக் காலம்போல வருமா என்பவர்கள் அந்தப் பேரேட்டைப் பார்த்ததில்லை.

1986இல் அரசு கம்பெனிகள் மெடிக்ளெய்ம் பாலிசி கொண்டுவந்தன. அதன் பிறகு ஒருநாள் விழுப்புரத்திலிருந்து ஏஜென்ட் ஒருவர் வந்தார். "நல்லா இருக்கறவனுக்கு எதுக்குய்யா பணம் கட்டணும்?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார் அப்பா.

இப்போது மில் என் கையில். 2010இல் முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஜிப்மர் பஸ்ஸுக்கு அவ்வளவு அவசரமில்லை. ஆனால் காப்பீடு மூன்று மாடியாகிவிட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீடு. சம்பளம் மாதம் 21,000 வரை என்றால் ஈ.எஸ்.ஐ.: நான் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு என் பங்கு 487 ரூபாய் 50 காசு. இதை நான் குறை சொல்லமாட்டேன். குடும்பத்துக்கே வைத்தியம், போதாததற்கு நோய்க்கால விடுப்புக்கும் பணம்.

தகராறு மூன்றாவது மாடியில். ஊரடங்கில் ஆலை திறக்க வேண்டுமானால் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய சூப்பர்வைசர், மெக்கானிக், டிரைவர்களுக்காகக் குரூப் பாலிசி எடுத்தேன். குரூப் என்றால் குறைந்தது ஏழு தலை வேண்டும் என்றார்கள். என் தலையையும் சேர்த்து எண்ணினோம்.

முதல் ரினியூவலில் யாருக்கும் நோயில்லை. பிரீமியம் அடக்கமாக இருந்தது. பிறகு சூப்பர்வைசருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பெனி மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தது. அடுத்த ரினியூவலில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. சாப்பிட்டால் மறுநாள் விலை கூடும் அளவுச் சாப்பாடு இது.

ஏஜென்ட் இப்போது டீக்கு மயங்குகிற ஆளில்லை, லேப்டாப் வைத்திருக்கிறார். "பேரண்ட்ஸைத் தூக்கிடலாம் சார். பில்லுல பத்து பர்சென்ட் அவங்களே கட்டட்டும். ரூம் வாடகைக்கு லிமிட் வச்சிடலாம்." கேட்கக் கேட்க அப்பாவின் குரல்தான் காதில் விழுந்தது. அவரும் தொழிலாளியின் அம்மாவுக்கு என்றால் பாதிதான் கொடுப்பார். என்ன, 18 சதவீத ஜி.எஸ்.டி. போடமாட்டார்.

அந்த வரியிலும் ஒரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, குரூப்புக்கு மட்டும் உண்டு. ஆளுக்கொன்றாகத் தனியே எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். சூப்பர்வைசருக்குச் சர்க்கரை, இப்போது ஸ்டென்ட் வேறு. தனிப் பாலிசியில் பழைய நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். குரூப்பில் முதல் நாளே உண்டு. வரியைக் கட்டிவிட்டேன்.

சென்ற மாதம் பாய்லர்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். வழக்கமான விஷயம் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு, அடுத்த மாதம் 22,000 ஆக்கிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் மொதலாளி. இருபத்தோராயிரத்துக்குள்ளயே வைங்க. அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ.லதான் பாக்கறோம்."

வரம்பைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும் வரை அட்டை செல்லும் என்று சொல்லிப் பார்த்தேன். அரையாண்டுக்குள் அம்மாவுக்குக் குணமாகிவிடுமா என்று கேட்டார். என் குரூப் பாலிசியில் சேர்த்துவிடலாம்தான். பேரண்ட்ஸைத் தூக்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.