கடைமடைத் தரகர்

நிலத்தரகர் என்பவர், நகராத பொருளை விற்பதற்காக நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பவர். மாட்டுத் தரகர் மாட்டை ஓட்டிவந்து காட்டிவிடலாம். கல்யாணத் தரகருக்கு ஜாதகக் கட்டும் இரண்டு போட்டோவும் போதும். நிலம் வராது. ஆகவே ஆட்களை நிலத்துக்குக் கூட்டிப்போவதும், பிறகு அதே ஆட்களைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போவதுமே இவர் தொழில். முதல் பயணம் சுலபம். ஆயுள் கரைவது இரண்டாவதில். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவாக வேண்டும் என்பது பழைய சட்டம். பதிவுக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எப்படியும் இருவராவது இருப்பார்கள்.

காவிரிக் கடைமடையான மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி வட்டாரத்தில் இவர் காணக்கிடைக்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரிலுள்ள டீக்கடை. காலை பத்துக்குள் இரண்டு டீ முடிந்திருக்கும். அடையாளம் வெள்ளைச் சட்டை, இரண்டு போன், கக்கத்தில் ரெக்சின் பை. பைக்குள் ஜெராக்ஸ்கள். எந்த ஜெராக்ஸ் எந்த நிலத்துக்கு உரியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சில நாள் அவருக்கும் தெரியாது. விசிட்டிங் கார்டில் பிள்ளையார், அதன்கீழ் ‘வாங்க, விற்க, வாடகை, போக்கியம்’. இதற்கென்று படித்து வந்தவர் யாருமில்லை. ரைஸ்மில் கணக்குப்பிள்ளை, எல்ஐசி ஏஜென்ட், கட்சியில் பதவி கிடைக்காதவர், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர் என்று பக்கவாட்டில் நுழைந்தவர்களே அதிகம். ‘நீங்க என்ன பண்றீங்க?’ என்று கேட்டால், ‘சும்மா நாலு பேருக்கு ஒதவியா இருக்கேன் சார்’ என்பார். தரகர் என்ற சொல்லை அவர் அடுத்த தரகரைக் குறிக்க மட்டுமே பயன்படுத்துவார்.

அளவைகளில் இவர் பன்மொழிப் புலவர். கடைமடையில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. விவசாயி மாக் கணக்கில்தான் விற்பார். வாங்க வரும் பள்ளிக்கூட ஆசிரியருக்குச் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னையிலிருந்து வருபவர் 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டில் நினைப்பார். சிங்கப்பூரிலிருந்து பேசும் மருமகனுக்குச் சதுர அடி தவிர வேறெதுவும் விளங்காது. பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று யார் வாயிலும் வராத அளவு. இந்த ஐந்தையும் காகிதமில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற இவரால் முடியும். மாற்றும்போது ஒரு மா 33 சென்ட் என்று உருட்டி, மூன்று மா ஓர் ஏக்கர் என்று இன்னொரு முறை உருட்டினால் இடையில் ஒரு சென்ட் காற்றில் பிறக்கிறது. அந்தச் சென்ட் யாருக்கு என்பதைப் பற்றி எந்தக் கணித நூலும் பேசவில்லை.

தூரத்துக்கு இவரிடம் உள்ள ஒரே அளவை ‘நடக்குற தூரம்’. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, கான்வென்ட் ஸ்கூல் எல்லாமே நடக்கிற தூரம். சொல்வதில் பொய்யில்லை, மனிதன் காசிக்கும் நடந்திருக்கிறான். நிமிஷக் கணக்கு கேட்டால் அஞ்சு நிமிஷம் என்பார். அது அவருடைய வண்டியில், காலை ஆறு மணிக்கு, ரயில்வே கேட் திறந்திருக்கும்போது.

மனை காட்டுவதற்கு இவரிடம் ஒரு பருவம் உண்டு. அதை வகுத்துக் கொடுத்தது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும் அணை அது. மூடிய பின்பு வாய்க்காலெல்லாம் காய்ந்து, வயலில் கிரிக்கெட் ஆடலாம். பங்குனி, சித்திரையில் வந்து பார்ப்பவருக்கு மண் கெட்டியாக, எல்லைக்கல் வெள்ளையடித்து, கொடியெல்லாம் கட்டி, லே-அவுட் அம்சமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே இடத்தைக் கேட்டால் தரகருக்கு மச்சினன் வீட்டில் விசேஷம். மழையில் தண்ணீர் நிற்குமா என்று நேராகக் கேட்டுவிட்டால் மட்டும் அவர் தளரமாட்டார். ‘தண்ணி எங்க சார் நிக்காது? நாலு லோடு சவுடு அடிச்சா ரோட்டுக்கு மேல வந்துடும்.’ அந்த நாலு லோடு நாற்பதாவது, வாங்கியவர் தனியாகக் கண்டுகொள்ள வேண்டிய விஷயம்.

காகிதங்களைப் பற்றிய அவருடைய அறிவு மெச்சத்தக்கது. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு, புலப்படம் என்று வரிசையாக ஒப்பிப்பார். இப்போது வில்லங்கத்தையும் பட்டாவையும் எவரும் இணையத்திலேயே பார்க்கலாம். அதனால் இவர் பிழைப்பு போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆனால் சர்வே நம்பர் தெரிந்தால்தானே பார்க்க முடியும்? அது ரெக்சின் பைக்குள் இருக்கிறது. தவிர, 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊர் வாயில் யு.டி.ஆரில், பட்டாப் பெயர்கள் இடம் மாறி ஏறிய கதைகள் கிராமத்துக்குக் கிராமம் உண்டு. தெற்கு வயல்காரர் பெயரில் வடக்கு வயல் இருக்கும். இருவரும் நாற்பது வருஷமாக அவரவர் வயலை நிம்மதியாக உழுதுகொண்டிருப்பார்கள், ஒரு தரகர் வந்து சொல்லும் வரை.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் அடிமனை. கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தமான மண்ணில் தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் ஏராளம். சுவரும் கூரையும் குடியிருப்பவருடையவை. அடியிலுள்ள மனை சுவாமியுடையது. கோயில் நிலத்தை அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது. ஆனாலும் அந்த வீடுகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பூமியைத் தொடாமல் வீட்டை மட்டும் விற்கும் இந்தக் கலையை இவர் விளக்கும்போது, அத்வைதம் போதிப்பவரின் அமைதி அவர் முகத்தில் வரும்.

இனி கையெழுத்து. ஒரு மூணு மா நிலத்தை அண்ணன் தம்பி நால்வர் விற்பதாக வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் நால்வரோடு வேலை முடிந்தது. தங்கைக்குச் சீர் செய்தாகிவிட்டது என்ற வாக்கியமே போதுமான ஆவணம். 1989இல் தமிழ்நாடு, அப்போது மணமாகாத மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் மணமான, மணமாகாத வேறுபாட்டை நீக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம், 2005இல் தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று தெளிவாக்கியது. தீர்ப்பின் பெயர் தரகருக்குத் தெரியாது. ஆனால் அதன் விளைவை அவரைப்போல அறிந்த வழக்கறிஞர் குறைவு. வாங்குகிற பார்ட்டியின் வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி, ‘கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு?’ என்பதுதான்.

ஆகவே தரகர் அக்கா தங்கைகளைத் தேடிக் கிளம்புகிறார். ஒருத்தி திருவாரூரில். ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். கொண்டுபோவது ஒரு கிலோ ஆப்பிள், ஒரு சீப்பு பழம், அண்ணனின் அன்பு. மூன்றாவது அவராகச் சேர்த்தது. ‘அக்கா, அண்ணன் ஒங்களைப் பத்திப் பேசாத நாளில்ல’ என்று ஆரம்பிப்பார். அக்காவுக்கு நிலம் பெரிதில்லை. 1996இல் தம்பி மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்ததுதான் பெரிது. அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தரகர் முழுவதும் கேட்பார். கேட்பதில்தான் இவர் திறமை இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பாள், உட்காருவார். திரும்பி வந்து அண்ணனிடம், ‘அக்கா கண்ணு கலங்கிட்டாங்கண்ணே’ என்பார். அதுவும் உண்மை, வேறு காரணத்துக்கு. மூன்று, நான்கு நடைக்குப் பிறகு விடுதலைப் பத்திரத்துக்கு ஒரு தொகை பேசி முடியும். அதுபோக, காதுகுத்துக்கு ஈடாகத் தம்பி நேரில் போய் ஒரு புடவை வைத்துக் கொடுப்பான். இருபத்தைந்து வருஷப் பகை இப்படிச் சில சமயம் தீர்கிறது. குடும்பநல நீதிமன்றத்தால் ஆகாதது 2 சதவீதக் கமிஷனுக்கு ஆகிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும்; பத்திர ஆபீஸ் வராந்தாவில் ஒரு முகூர்த்த நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தோன்றாது. தீராத பகைகளும் உண்டு. அந்த நிலங்களில் கருவேலம் நன்றாக வளர்கிறது.

உலகில் நடப்பவை ஏன் நடக்கின்றன என்பது பற்றி இவரிடம் திடமான கொள்கை உண்டு: நிலவிலை ஏறுவதற்காக. மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாக்குவோம் என்று 2020 மார்ச்சில் அறிவிப்பு வந்து, அதே ஆண்டு டிசம்பரில் அது 38ஆவது மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் எங்கே அமையும் என்பது முடிவாவதற்கு முன்பே தரகர்களின் வாயில் அது ஊரைச் சுற்றி நாலு திசையிலும் எழும்பி நின்றது. கடைசியில் மன்னம்பந்தலில் கட்டி 2024இல் திறந்தார்கள். மற்ற மூன்று திசைக்காரர்கள் சோரவில்லை. ‘கலெக்டர் ஆபீஸ் அங்க போனதே நல்லதுக்குத்தான் சார், இங்கதான் ட்ராபிக் இருக்காது.’ விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை ஒரு காரணம். 1980களில் நின்றுபோன மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் மற்றொன்று. பழைய தடத்தை ஒட்டிய ஒவ்வொரு மனையையும் விற்கும்போது இவர் அந்த ரயிலை ஒருமுறை ஓட்டிவிடுகிறார். விலை இறங்குவதற்கு மட்டும் இவரிடம் காரணமே கிடையாது. இறங்குவது என்பது நடக்காத ஒன்று. ‘இப்ப கொஞ்சம் டல்லு’ என்பார், அவ்வளவுதான்.

டல்லின் உச்சம் 2016. அந்த ஆண்டு செப்டம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று தடை விதித்தது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று அதுவரை விற்றதெல்லாம் ஒரே நாளில் வெறும் கல் நட்ட வயலானது. ஆறிப்போவதற்குள் நவம்பர் 8இல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. முதல் அடி காகிதத்தில், இரண்டாவது அடி பணத்தில். அந்த வருஷம் பலர் மறுபடி எல்ஐசிக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் விதிகளும் வந்தன, திட்டங்களில் மனை விற்கும் முகவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. கடைமடைத் தரகர் ரெராவை மரியாதையோடு தூரத்திலிருந்து கும்பிடுகிறார். அது பெரிய ஊர் அம்மன்.

பொதுக்காரியங்களில் இவர் இல்லாத இடமில்லை. கும்பாபிஷேகப் பத்திரிகையில் ‘விழாக் குழுவினர்’ வரிசையில் ஏழாவது பெயர் இவருடையது. டெல்டாவைக் காக்கும் ஊர்வலத்திலும் பச்சைத் துண்டோடு போனார், மனப்பூர்வமாகத்தான் போனார். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணறு, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை முதலியவற்றைத் தடுக்கிறது. வயலை மனையாக்குவது அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஊர்வலத்தில் நின்றபடியே ஒரு பார்ட்டிக்கு லொகேஷன் அனுப்பியதில் இவர் எந்த முரணும் காணவில்லை. ‘வெவசாயம் இருக்கணும் சார். எல்லாரும் வித்துட்டா வெல எறங்கிடும்ல?’

வருமானத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகையினத்தின் விவரிப்பு நிறைவடையாது. பேச்சு, பக்கத்துக்கு 2 சதவீதம். டோக்கன் அட்வான்ஸ் அன்று அது ஒன்றரை ஆகும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று வாங்குகிறவர் கட்டிவிட்டு வெளியே வரும்போது, அரசாங்கத்துக்குக் கொடுத்த 9ஐவிடத் தரகருக்குக் கொடுக்க வேண்டிய 1 பெரியதாகத் தெரியும். இரு தரப்பும் நேருக்குநேர் பார்த்துக் கைகுலுக்கிவிட்டால், நடுவில் இவர் எதற்கு என்ற கேள்வி இருவருக்கும் ஒரே நேரத்தில் எழுகிறது. அதனால்தான் கடைசி நிமிஷம் வரை இருவரையும் பேசவிடாமல், வெவ்வேறு பெஞ்சில் உட்காரவைத்து, இவரே குறுக்கே நடந்துகொண்டிருப்பார். கைவிரல் ரேகை வைத்து, போட்டோ எடுத்து, வெளியே வந்ததும் விற்றவர், ‘நீங்க வீட்டுப் பக்கம் வாங்க, பாத்துக்கலாம்’ என்பார். வீட்டுப் பக்கம் எத்தனை முறை போவது என்பது இவரது அனுபவத்தைப் பொறுத்தது. ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் நடப்பது குறைவு. பாக்கி வசூலுக்கு அந்த மாதங்களை ஒதுக்கியிருக்கிறார்.

இவர் குடியிருப்பது வாடகை வீடு. கிழக்குப் பார்த்த வாசல், ஈசானிய மூலையில் கிணறு. சொந்த நிலம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குத்தாலத்துக்குத் தெற்கே தகப்பனார் பெயரில் இரண்டரை மா இருக்கிறது. அண்ணன்மார் இருவர், ஒரு தங்கை, இவர். விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணன்மார் எட்டு வருஷமாகக் கேட்கிறார்கள். தங்கை கையெழுத்துப் போட்டாயிற்று. மூத்த அண்ணன் சார்பாக வேறொரு தரகர் ஒரு கிலோ ஆப்பிளோடு இரண்டு முறை வந்து, இவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார். நாலாவது கையெழுத்து இன்னும் விழவில்லை. ரயில் வரட்டும் என்கிறார்.