ஸ்கூட் விடத் தெரியாதவன்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் நாள் ராத்திரி மண்டப மாடியில் ஜமக்காளம் விரித்துவிடுவார்கள். கீழே பந்தியில் என்ன பாயசம் என்ற விசாரணை முடிவதற்குள் மேலே நான் வந்துவிட்டேனா என்ற விசாரணை தொடங்கிவிடும். இருபத்தைந்து வருஷ ரம்மி அனுபவம். விடிய விடிய ஆடி, முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு நேராக முகூர்த்தத்துக்கு இறங்கிய நாட்கள் உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படும் ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை என் மனைவி மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

ஆகவே, லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மச்சினன், "மாமா, உங்க கைக்கு மண்டபம் எல்லாம் பத்தாது. வேகாஸ் போவோம், போக்கர் ஆடுவோம்" என்றபோது அதை முகஸ்துதி என்று நான் நினைக்கவில்லை. தாமதமாக வந்த உண்மை என்றே எடுத்துக்கொண்டேன்.

அவன் வீட்டிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணம். இரண்டு பக்கமும் மொஹாவே பாலைவனம். பேக்கர் என்ற குட்டி ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானியை நட்டு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் மரணப் பள்ளத்தாக்கில் 1913-ல் 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் பதிவானதாம். டிகிரிக்கு ஒரு அடி. வெயிலுக்குக் கூட நினைவுச் சின்னம் எழுப்பலாம் என்பது வேலூர்க்காரர்களின் கவனத்துக்கு.

வண்டி ஓட்டிக்கொண்டே மச்சினன் கிறிஸ் மணிமேக்கரின் கதையைச் சொன்னான். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர். 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள போக்கர் உலகத் தொடருக்கு 2003-ல் வந்தார். 839 பேர் ஆடிய போட்டி. 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார். நானும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்தான். அவருக்குக் குடும்பப் பெயரிலேயே பணம் இருந்தது, எனக்கு இனிஷியல் மட்டும்தான் என்ற வித்தியாசத்தை அப்போது யோசிக்கவில்லை.

படங்களில் நாம் பார்க்கும் அந்த ஜிகுஜிகு தெரு பெரும்பாலும் லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. சொர்க்கத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் வீட்டில் கலவரம் ஆகும் என்றுதான் எல்லோரும் வேகாஸ் என்கிறார்கள் போலிருக்கிறது. நாங்கள் தங்கிய ஓட்டலில் அறை வாடகை மிகக் குறைவு. 'ரிசார்ட் கட்டணம்' என்று தனியாக ஒன்று வாங்கினார்கள். அது ஏறக்குறைய இன்னொரு வாடகை. எதற்கு என்று கேட்டேன். நீச்சல் குளத்துக்கும் வைஃபைக்கும் என்றார்கள். எனக்கு நீச்சல் தெரியாது.

போக்கர் அறை வாசலில் பெயரைப் பதிய வேண்டும். மேஜைப் பெண் கேட்டாள், சொன்னேன். மறுபடி கேட்டாள், எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "எஸ்" என்று மட்டும் எழுதிக்கொண்டு புன்னகைத்தாள். இருபது நிமிஷம் கழித்து "மிஸ்டர் எஸ்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்று-மூன்று டாலர் மேஜை. ஒன்பது நாற்காலி. 200 டாலர் கொடுத்து சிவப்புச் சில்லு நாற்பது வாங்கினேன். ஒரு சில்லு ஐந்து டாலர். மனசு தானாகவே 85-ஆல் பெருக்கியது. எங்கள் மண்டபத்தில் பாயிண்ட் ஒரு ரூபாய். ஃபுல் அடித்தாலும் எண்பது ரூபாய்தான் போகும். இங்கே ஒரு சில்லிலேயே ஐந்து ஃபுல் போய்விடும்.

ஆட்டம் என்னவோ சுலபம்தான். கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஏழிலிருந்து நல்ல ஐந்தைச் சேர்க்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று இரண்டு பேர் சீட்டு வருவதற்கு முன்பே கட்டாயமாகக் காசு வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளைண்டு. நம் மூணு சீட்டில் பிளைண்டு என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. என் முறை வந்ததும் "பிளைண்டு" என்றார்கள். நானும் மூன்று டாலரை வைத்துவிட்டு, சீட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். மேஜையே என்னைப் பார்த்தது. பெரிய கை வந்திருக்கிறான் என்று பயந்துவிட்டார்கள் என நினைத்தேன். "சார், நீங்கள் சீட்டைப் பார்க்கலாம்" என்றாள் சீட்டுப் போடுகிற அம்மா, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில்.

அடுத்து, பந்தயத்தை ஏற்றலாம் என்று, ஐந்து சிவப்பைக் கொடுத்து மாற்றிய ஒரு பச்சைச் சில்லை எறிந்தேன். 25 டாலர். "கால்" என்று சொல்லி 22 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாயைத் திறந்து "ரெய்ஸ்" என்று சொல்லாமல் ஒற்றைப் பெரிய சில்லைப் போட்டால், ஏற்றியதாகக் கணக்கில்லையாம். சரி என்று அடுத்த முறை கொஞ்சம் வைத்து, எல்லோர் முகத்தையும் ஒரு நோட்டம் விட்டு, இன்னும் கொஞ்சம் வைத்தேன். அதுவும் செல்லாது. இரண்டு தவணையில் வைப்பது குற்றம். நம் ஊரில் மொய் வைப்பதே அப்படித்தானே?

மேஜையில் ஒரு துவாரம் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேர்ந்த பணத்திலிருந்து ஐந்தாறு டாலர் வரை அந்த அம்மா அதற்குள் தள்ளிவிடுவாள். உண்டியல்! போக்கரில் நாம் கேசினோவோடு ஆடுவதில்லை, எதிரில் இருக்கிறவனோடுதான் ஆடுகிறோம். நான் ஜெயித்தாலும் அவன் ஜெயித்தாலும் உண்டியலுக்கு மட்டும் தோல்வியே கிடையாது. ஜெயித்தவன் சீட்டுப் போடுகிறவருக்கு ஒரு டாலர் தட்சணை தர வேண்டும். 'இலவச' காபி கொண்டுவரும் பெண்ணுக்கும் ஒரு டாலர். நான் நாலு இலவச காபி குடித்தேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது மணி நேரம். சீட்டின் முனையை லேசாகத் தூக்கினேன். இஸ்பேட் ஏஸ். அடுத்ததைத் தூக்கினேன். ஆர்ட்டின் ஏஸ். ஜோடி ஏஸ் என்பது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும் கணக்கு. மணிக்கு முப்பது ஆட்டம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தரிசனம். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த மச்சினனைப் பார்த்து என்னையறியாமல், "மாப்ள, ரெண்டு பேரும் வந்துட்டாய்ங்கடா!" என்றேன்.

"இங்கிலீஷ் ஒன்லி, சார்."

ஆட்டம் நடக்கும்போது மேஜையில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்பது விதி. இரண்டு பேர் புரியாத பாஷையில் சீட்டைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நியாயமான விதிதான், நான் அதைத்தானே செய்தேன். ஆனால் அந்த மேஜையில் யாருக்கும் தமிழ் தேவைப்படவில்லை. என் முகமே மொழிபெயர்த்துவிட்டது. நான் "ரெய்ஸ்" என்று சொல்லி பதினைந்து டாலரை வைத்தேன். ஒருத்தர் விடாமல் வரிசையாகச் சீட்டை வீசினார்கள். மச்சினன்தான் முதலில் வீசினான். எனக்குக் கிடைத்தது, இரண்டு பிளைண்டும் சேர்ந்து நாலு டாலர். தட்சணை போக மூன்று.

எனக்கு எதிரே தொப்பி போட்ட ஒரு பெரியவர். கையில் காபி. நான் உட்கார்ந்ததிலிருந்து அவர் ஒரே ஒரு வேலைதான் செய்தார்: சீட்டைப் பார்ப்பார், தள்ளிவிடுவார், காபியை உறிஞ்சுவார். ரம்மியில் இதை ஸ்கூட் என்போம். எங்கள் ஊர்க் கணக்கில் முதல் ஸ்கூட்டுக்கே இருபது பாயிண்ட் அபராதம் உண்டு. போக்கரில் பிளைண்டு வைக்காத சுற்றில் ஸ்கூட் முற்றிலும் இலவசம். அப்படியிருந்தும் எனக்கு மனசு வரவில்லை. இருபது மணி நேரம் பறந்து வந்து, இலை போட்டு உட்கார்ந்த பிறகு, பரிமாறுகிறதை எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பத்தும் இரண்டும் வந்தால்கூட ஆடினேன். டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு வருஷமும் அந்தச் சீட்டை வைத்துத்தான் உலகத் தொடரை ஜெயித்தார் என்று மச்சினன் காரில் சொல்லியிருந்தான். அந்தத் தகவலுக்கு நாற்பது டாலர் ஆயிற்று.

காபித் தாத்தா முதல் தடவையாகப் பதினைந்து டாலர் வைத்தார். என்னிடம் ராஜா, ராணி. சேர்ந்தேன். நடுவில் ராஜா, எட்டு, மூன்று. எனக்கு ஜோடி ராஜா! அவர் 25 வைத்தார். நானும் வைத்தேன். அடுத்து ஐந்து விழுந்தது, 60 வைத்தார். மச்சினன் தொண்டையைக் கனைத்தான். கனைப்பு எந்த மொழியிலும் சேராது என்பதால் அந்த அம்மா விட்டுவிட்டாள். கடைசியில் இரண்டு. தாத்தா காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்து, மிச்சம் எல்லாவற்றையும் தள்ளினார். அந்தக் கோப்பையை நகர்த்தியதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் அவர் அதைக் கையிலிருந்து வைத்ததே இல்லை. நான் பார்த்தது என் ராஜாவை. மிச்சமிருந்த அறுபதையும் தள்ளினேன்.

ரேஷன் அட்டையைக் காட்டுவதுபோல இரண்டு ஏஸைத் திருப்பிக் காட்டினார். முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறவில்லை.

அப்போது பார்த்து மனைவியின் போன். அறையில் கடிகாரமே கிடையாது, போனைப் பார்த்துத்தான் நடுராத்திரி என்று தெரிந்தது. மதுரையில் ஞாயிறு மதியம் பன்னிரண்டரை. "எங்கே இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கு?" என்றாள். "கோயில்ல" என்றேன். முழுப் பொய் இல்லை. உண்டியல் இருந்தது, தட்சணை இருந்தது, மொட்டையும் அடித்தாகிவிட்டது.

வரும் வைகாசியில் மச்சினன் மகளுக்கு மதுரையில்தான் கல்யாணம். வழக்கம்போல மாடியில் ஜமக்காளம் விரிப்பார்கள், நானும் வருவேன். பெண் வீட்டாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளை பக்கத்தில், காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் சளைக்காமல் ஸ்கூட் விடும் பெரியவர் யாராவது இருந்தால், தயவுசெய்து நிச்சயதார்த்தத்தின்போதே சொல்லிவிடுங்கள்.