இரண்டு கேபிள், ஒரு ஃபைல்

கேள்வி: ஆபீஸ் ஸ்விட்ச்சில் ஒரு ஜிகாபிட் போர்ட்கள் இரண்டை ஒன்றாகக் கட்டிவிட்டேன். ஆனாலும் பெரிய ஃபைல் காப்பியாக முன்பு ஆன அதே நேரம்தான். இரண்டாவது கேபிள் தண்டமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு வ.உ.சி. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வாங்கினாரே, அதனால் உங்கள் ஊர்ப் பயணி யாராவது பாதி நேரத்தில் கொழும்பு போய் இறங்கினாரா? கூடுதல் பேர் போனார்கள், அவ்வளவுதான்.

அனுப்புகிறவர், பெறுகிறவர் முகவரிகளை வைத்துக் கணக்குப் போட்டு, ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் அத்தனையையும் ஸ்விட்ச் ஒரே கேபிளில்தான் விடும். பிரித்து விட்டால் பின்னது முந்தி வந்து வரிசை குலைந்துபோகும். ஆகவே ஒற்றை ஃபைலுக்கு ஒரு ஜிகாபிட்தான் உச்சம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் சர்வரைத் தட்டட்டும், இரண்டாவது கேபிளின் அருமை தெரியும்.

இன்னொன்று. உப்புக் காற்று ஊர் உங்களுடையது. கேபிள் முனையின் செப்புக் கம்பியில் பச்சை பூத்து ஓர் இணைப்பு செத்தால், மற்றது சுமையை ஏற்றுக்கொள்ளும். அது நம்பகமாக நடக்க, கட்டிய இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் எல்.ஏ.சி.பி. நெறிமுறை இரண்டு முனையிலும் இயங்க வேண்டும். 2000-இல் வந்த 802.3ஏடி தரம் அதற்குத்தான். முதலில் அதைப் பாருங்கள். கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள்!