முதல் ஆசிரியர் இடம் காலி

ஆய்வுக் கட்டுரை தயார். தலைப்பு தயார், முடிவு தயார், வரைபடங்கள் தயார். ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ் ஏற்றுக்கொண்ட கடிதமும் தயார். எழுதியவர்கள்தான் இன்னும் தயாராகவில்லை. முதல் ஆசிரியர் இடம் காலி. மூன்றாம் இடம் காலி. ஐந்தாவதற்கு இப்போதுதான் ஒருவர் பணம் கட்டினார். முந்துங்கள்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இப்படித்தான் விளம்பரம் வருகிறது. முதல் இடத்துக்கு விலை அதிகம், பின்னால் போகப் போகக் குறையும். சினிமாக் கொட்டகைக்கு நேர் எதிர். துறை என்ன என்று கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எது வேண்டும்? நானோ துகள், கான்கிரீட் விரிசல், பல்லின் வேர், நுரையீரல் புற்று... எல்லாம் ஒரே கடையில்.

வாங்குகிறவர் மேல் கோபப்பட எனக்கு மனமில்லை. அவர் ஏதோ ஒரு புறவழிச்சாலைப் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். காலையில் வகுப்பு, மாலையில் விடைத்தாள், கோடையில் அட்மிஷனுக்கு ஆள்பிடிக்க ஊர் ஊராக அலைச்சல். ஆய்வகத்தில் உள்ள கருவிக்கு இன்ஸ்பெக்‌ஷன் நாளில்தான் உறை நீங்கும். இவரிடம் போய் ‘வருஷத்துக்கு இரண்டு சர்வதேசக் கட்டுரை’ என்று கேட்டால் அவர் எங்கே போவார்? கடைக்குத்தான் போவார்.

கடைக்கு வழி காட்டியது அரசு. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ‘ஏபிஐ’ என்று ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி, கருத்தரங்குக்கு இவ்வளவு புள்ளி. கூட்டிப் பார்த்துப் பதவி உயர்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று முனைவர் பட்ட மாணவனுக்கும் ஒரு விதி இருந்தது. கட்டுரையைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் விதியில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

எண்ணினார்கள். 2017-இல் யுஜிசி 38,653 இதழ்களை அங்கீகரித்துப் பட்டியல் வெளியிட்டது. அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சிலர் சோதித்தார்கள். முடிவு 2018-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. நூற்றுக்கு 88 தேறவில்லை. சிலவற்றுக்கு முகவரியே இல்லை. சிலவற்றில் ஆசிரியர் குழு இல்லை. சில, பச்சையாகப் பொய்த் தகவல் கொடுத்திருந்தன. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்களை யுஜிசி நீக்கியது. அந்த இதழ்களைக் காட்டிப் பேராசிரியர் ஆனவர்களை யாரும் நீக்கவில்லை. அப்புறம் ‘கேர்’ என்று புதுப் பட்டியல் வந்தது. 2025-இல் அதற்கும் முழுக்குப் போட்டார்கள். நல்ல இதழ் எது என்று இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே தீர்மானிக்குமாம். சரிதான். திருடனையே சாவியை வைத்துக்கொள்ளச் சொல்லியாயிற்று, இனிப் பூட்டு உடையாது.

எச்சரிக்கை வராமலில்லை. 2013-இல் ஜான் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரு புற்றுநோய் மருந்தைப் பற்றி வேண்டுமென்றே பிழைகளை வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்தார். பள்ளிக்கூட வேதியியல் தெரிந்தவருக்கே கண்ணில் படக்கூடிய பிழைகள். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அப்படிப்பட்ட இதழ்களின் உலகத் தலைமையகம் எது என்று பார்த்தால், பாரதம். விஸ்வகுரு பட்டம் அப்போதே வந்துவிட்டது; நாம்தான் கவனிக்கவில்லை. ஹைதராபாதைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகத்தின் மேல் 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்ட உத்தரவிட்டது. ஆய்வாளர்களை ஏமாற்றிய வழக்கு. ஏமாந்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர், ஏமாறக் காசு கட்டியவர்கள் எத்தனை பேர் என்று நாம் பிரித்துப் பார்க்கவில்லை.

தமிழ்நாடு எதிலும் பின்தங்காது. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள், அவை இதழ்களுக்குப் போகின்றன, அவற்றில் அதே கல்லூரியின் கட்டுரைகளே மாற்றி மாற்றி மேற்கோள் காட்டப்படுகின்றன என்று 2023-இல் ‘சயின்ஸ்’ இதழ் எழுதியது. முதுகு சொறிய ஆள் தேட வேண்டியதில்லை, உள்ளூரிலேயே கிடைக்கிறது. மறு ஆண்டு, ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாக இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரே துகள் இரண்டு இடத்தில் இருக்க முடியுமா என்று குவாண்டம் இயற்பியலாளர்கள் நூறாண்டாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம் பேராசிரியர்கள் சம்பளப் பட்டியலில் செய்து காட்டிவிட்டார்கள்.

கடை வைத்திருப்பவனாவது விலை சொல்லி விற்கிறான். சாமி பேரைச் சொல்லி விற்பவர்களை என்ன செய்வது?

இந்திய அறிவியல் மாநாடு. 2015-இல் மும்பையில், வேத காலத்து விமானம் பற்றிக் கட்டுரை படித்தார்கள். 2019-இல் ஜலந்தரில், கௌரவர்கள் சோதனைக் குழாய்க் குழந்தைகள், ராவணனிடம் 24 வகை விமானங்கள் இருந்தன என்று ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேசினார். அவர் படித்தது வேதியியல். அதே மாநாட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர், நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தப்பு, ஈர்ப்பு அலைகளுக்கு ‘நரேந்திர மோடி அலைகள்’ என்று பெயர் வைக்க வேண்டும் என்றார். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் இந்த மாநாட்டை முன்பே சர்க்கஸ் என்று சொல்லியிருந்தார். சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். அங்கே கம்பியில் நடக்கிறவர் நிஜமாகவே நடக்கிறார்.

2020-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நாட்டுப் பசுவின் சாணம், கோமியம், பால் ஆகியவற்றின் மகிமைக்கு ஆய்வுத் திட்டம் அறிவித்தது. முடிவை முதலில் எழுதிவிட்டு ஆதாரம் தேடுவது அறிவியலா என்று ஐநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். 2025 மாட்டுப் பொங்கலன்று சென்னை ஐஐடி இயக்குநர் ஒரு கோசாலையில் நின்று, கோமியம் குடித்த சந்நியாசிக்குக் கால் மணி நேரத்தில் காய்ச்சல் விட்ட கதையைச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும், இதற்கு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன என்றார்.

இருக்கும். எதற்குத்தான் இல்லை? கண்ணாடித் தட்டில் கிருமி சாகலாம். சோப்புத் தண்ணீரிலும்தான் சாகும். அதற்கும் மனிதனின் காய்ச்சலுக்கும் நடுவே மருந்துச் சோதனையின் மூன்று கட்டங்கள் கிடக்கின்றன. அவற்றைத் தாண்டாத மருந்தை வேறு எவனாவது விற்றால் நாம் அவனைப் போலி டாக்டர் என்போம், போலீஸ் வரும். பக்தியோடு சொன்னால் மாலை வரும்.

சரி, நேர்மையாக ஆய்வு செய்கிறவர்கள்? இருக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டை ஆய்வுக்கு ஒதுக்கிவிட்டு வல்லரசு ஆகப்போகும் நாட்டில் அவர்கள் வேலை செய்கிறார்கள். ஆய்வுக் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டியை 2022-இல் 18 ஆக்கினார்கள். அரசு ஒரு கையால் நிதி கொடுக்கும், மறு கையால் வரி பிடிக்கும். ஆய்வு நிதிக்கே வரி கட்டு என்று டெல்லி ஐஐடிக்கு 120 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ் போனது. கூச்சல் எழுந்த பிறகுதான் 2024 செப்டம்பரில் விலக்கு அளித்தார்கள்.

கட்டுரை அச்சாக வேண்டுமென்றால் பல வெளிநாட்டு இதழ்களுக்கு ஆய்வாளர் டாலரில் கட்ட வேண்டும். அதைச் சரிபார்க்கும் பேராசிரியருக்குக் கூலி கிடையாது. பல இதழ்களைப் படிக்கவும் தனியாகக் காசு. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று அதற்கும் வழி கண்டார்கள்: மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். பதிப்பகங்களுக்குப் பணம் போக வழி இருக்கிறது.

இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023-இல் உயர்த்தினார்கள், அறிவித்தார்கள், கைதட்டல் வாங்கினார்கள். பணம்தான் மாதக்கணக்கில் வருவதில்லை. கேட்டால் போர்ட்டல் மாறுகிறது என்பார்கள், கணக்கு மாறுகிறது என்பார்கள், கோப்பு டெல்லியில் இருக்கிறது என்பார்கள். இதற்கு நடுவில் கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போடவும் ஆள் வேண்டும். ஆகவே இன்று அரசுப் பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் ஒரு பெண் உலகத்தின் 13,000 இதழ்களையும் இலவசமாகப் படிக்கலாம். மெஸ் பாக்கி கட்டாததால் அவள் பெயரை மட்டும் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். காசில்லாமல் பெயர் அச்சேறுகிற ஒரே இடம் அதுதான்.